முதல் 200 கிலோமீட்டர்: கேள்வி – பதில்

இந்த மாதம் தங்கவயல் வட்டாரத்திலிருந்தே நிறையக் கடிதங்கள். பெரும்பாலானவை பி.ஆர்.எம். 200 என்ற நீண்டதூரச் சைக்கிள் ஓட்டம் பற்றியவை: 200 கிலோமீட்டர், அதற்கு 13 மணி 30 நிமிடம்.

பி.ஆர்.எம்.மில் முதலாவதாக வந்தால் என்ன பரிசு?
– கல்லூரி மாணவர், ஊர்காம்

பரிசு கிடையாது. அது பந்தயமே இல்லை, தம்பி. 8 மணி நேரத்தில் முடித்தவருக்கும் 13 மணி 29 நிமிடத்தில் முடித்தவருக்கும் பாரிஸ் ஆடாக்ஸ் கிளப்பின் பதிவேட்டில் ஒரே மரியாதைதான். ஆட்களை முந்த வேண்டும் என்றால் அதற்கென்று பந்தயங்கள் தனியாக நடக்கின்றன, அங்கே போங்கள்.

என்னிடம் இருப்பது பழைய கியர் சைக்கிள். 60,000 ரூபாய்க்கு ரோடு பைக் எடுத்தால்தான் முடியும் என்கிறார் நண்பர். கடன் வாங்கலாமா?
– கடை ஊழியர், ராபர்ட்சன்பேட்டை

வாங்காதீர்கள். மோட்டார் இல்லாமல் காலால் மிதித்து ஓடும் எந்தச் சைக்கிளுக்கும் அனுமதி உண்டு. புதிதாக இரண்டு டயர், பிரேக் கட்டை, பிரேக் கேபிள் போடுங்கள். செயினைச் சோதியுங்கள். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்ஜியத்தை வைத்து 24 கண்ணி எண்ணினால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அரை நூல் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். ஒரு நூலே கூடியிருந்தால் பின்சக்கரத்து ஃப்ரீவீலும் தேய்ந்திருக்கும், அதையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ஃப்ரீவீலில் புதுச் செயினைப் போட்டால் ஏற்றத்தில் நழுவும், எழுந்து நின்று மிதிக்கும்போது கீழே தள்ளிவிடும். கையில் பணம் மிஞ்சினால் நல்ல முன்விளக்கு வாங்குங்கள்.

60 கிலோமீட்டர் தாண்டினால் முழங்கால் வலிக்கிறது. என்ன தைலம் தடவலாம்?
– வாசகர், பங்காருபேட்டை

வலி முன்பக்கமா பின்பக்கமா என்று எழுதவில்லையே! முன்பக்கம் என்றால் சீட் தாழ்ந்திருக்கிறது, அல்லது கனமான கியரில் அழுத்தி அழுத்தி ஓட்டுகிறீர்கள். பின்பக்கம் என்றால் சீட் உயரம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அங்கிருந்து தொடங்கி ஒரு தடவைக்குச் சில மில்லிமீட்டர் மட்டும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கியரை இலகுவாக்கி நிமிடத்துக்கு 80 சுற்றாவது மிதியுங்கள். தைலம் இதில் எதையும் சரிசெய்யாது.

காலை நாலு மணிக்கு எழுந்து, மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறேன். வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிறது. பயிற்சிக்கு நேரமே இல்லை. மூன்று மணிக்கே எழுந்து ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் போகலாமா?
– கம்பெனி ஊழியர், ஆண்டர்சன்பேட்டை

தயவுசெய்து வேண்டாம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிய பிறகு இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அந்த ரயிலால்தான். உங்களைப் போன்றவர்களின் கடிதம்தான் எனக்கு அதிகம் வருகிறது. எல்லாரும் கடைசியில் கைவைப்பது தூக்கத்தில். ஐந்து மணி நேரம் தூங்குகிறவர் அதை நாலாகக் குறைத்துக்கொண்டு மிதித்தால் உடம்பு ஏறாது, இறங்கும். சாலையில் தசை களைப்புதான் அடைகிறது. அது சரியாகி வலுப்பது படுக்கையில். தூக்கத்தைக் குறைத்துப் பயிற்சி செய்கிறவர்கள் ஆறாவது வாரத்தில் சளி, காய்ச்சல், முதுகுவலி என்று வந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

உங்களுக்கு ஒரு வழி உண்டு. மாரிகுப்பத்திலிருந்து பங்காருபேட்டை வரை ரயில் சாம்பியன், ஊர்காம், கோரமண்டல், பி.இ.எம்.எல். நகர் என்று நின்று நின்றுதான் போகிறது. அந்தப் பதினைந்து பதினாறு கிலோமீட்டரை வாரம் இரண்டு நாள் சைக்கிளில் போங்கள். பங்காருபேட்டையில் சைக்கிளை விட்டுவிட்டு அங்கே ரயில் ஏறுங்கள். முன்னும் பின்னும் விளக்கு எரிய வேண்டும். இரவு இறங்கும்போது கண் சொருகினால் சைக்கிளை அங்கேயே பூட்டி வைத்துவிட்டு ரயிலிலேயே வீட்டுக்கு வாருங்கள், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட தூரம்: முதலில் 60, பிறகு 80, 100. பேத்தமங்கலம், முல்பாகல், கோலார், பங்காருபேட்டை என்று சுற்றி வந்தால் சுமார் 90 ஆகிவிடும். சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, முகம் வாடாமல் 130 முடித்தீர்கள் என்றால் 200-ஐயும் முடிப்பீர்கள். ரயிலில் உட்கார்ந்து தூங்குகிறீர்களே, அதையும் பயிற்சிக் கணக்கில் எழுதுங்கள். அந்த நேரத்தில் போனைப் பார்க்காதீர்கள்.

இதோடு நிறுத்த முடியவில்லை. 200 முடித்தவர் அடுத்த மாதமே 300 என்பார், பிறகு 400, 600. அதற்கு 20 மணி, 27 மணி, 40 மணி. நாலையும் ஒரே பருவத்தில் முடித்தால் சூப்பர் ரேண்டோனர். நல்ல ஆசைதான். ஆனால் 400-ல் ஓர் இரவு முழுக்கச் சாலையில் கழிகிறது. இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் உடம்பு தூங்கியே தீருவேன் என்று கேட்கும் நேரம். கடைசியாகக் கடந்த ஊர் எது என்று ஞாபகம் வரவில்லையா? சாலையோர வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டு உதறி எழுகிறீர்களா? அப்போதே நிறுத்துங்கள். அடுத்த கண்ட்ரோல் (வந்த நேரத்தைப் பதிவு செய்யும் இடம்) வரை தாக்குப்பிடிக்கலாம் என்ற பேச்சே கூடாது. பெட்ரோல் பங்கோ, விளக்கு எரியும் பஸ் ஸ்டாப்போ, சாலையை விட்டுத் தள்ளி இருந்தால் போதும். ஒரு காப்பி குடித்துவிட்டு உடனே அலாரம் வைத்து இருபது நிமிடம் படுங்கள். காப்பி வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும்.

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். நாலு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது, நம் நாட்டிலிருந்தும் நூற்றுக்கணக்கில் போகிறார்கள். அங்கே கண்ட்ரோல்களில் படுக்கையே போட்டு வைத்திருக்கிறார்கள். தூக்கத்தைத் திட்டத்தில் சேர்க்காதவரால் அங்கே எளிதில் முடிக்க முடியாது. 1891-ல் முதன்முதலாக நடந்தபோது சார்ல் தெரோன் தூங்காமலே 71 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டி ஜெயித்தார் என்று படித்துவிட்டு வந்து எனக்கு எடுத்துக்காட்டாதீர்கள். அந்த ஆண்டு சாலையில் லாரி கிடையாது.

முடித்த பிறகும் ஒரு பேச்சு. பெங்களூர் பி.ஆர்.எம்.மில் மாலை ஏழரை மணிக்கு, முடித்தவர்களுக்கான மெடலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அங்கே நிறுத்தி வைத்த மோட்டார் பைக்கை எடுத்து நூறு கிலோமீட்டர் ஓட்டி இரவோடு இரவாகத் தங்கவயல் வருகிறீர்கள் பாருங்கள், அதுதான் அன்று செய்கிற ஆபத்தான காரியம். சைக்கிள் ஓட்டியது இல்லை. முந்தின நாளே போய்த் தங்குங்கள், முடிந்த இரவும் தங்குங்கள். காசு இல்லை என்றால் ஒரு பி.ஆர்.எம்.மைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி மோட்டார் பைக்கில் பின்னாலேயே வந்து தண்ணீர், சாப்பாடு கொடுத்தால் தவறா?
– வாசகர், முல்பாகல்

தவறு. கண்ட்ரோலில் காத்திருக்கலாம், நடுவில் உதவினால் உங்களைத் தகுதிநீக்கம் செய்வார்கள்.

நான் ஆசிரியை, வயது 38. தூரம் பயமில்லை. வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது என்பதுதான் பயம். இதற்காகவே பதிவு செய்யாமல் இருக்கிறேன். கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, சாம்பியன் ரீஃப்

கூச்சப்பட ஒன்றுமில்லை, சகோதரி. ஆண்களுக்கு இந்தக் கவலை இல்லாததால்தான் யாரும் இதை எழுதுவதில்லை. பெட்ரோல் பங்குகள் கழிப்பறை, குடிநீர், காற்று மூன்றையும் பொதுமக்களுக்கு இலவசமாகத் தந்தாக வேண்டும். பெட்ரோல் போடாமலே கேட்கலாம், பூட்டியிருந்தால் சாவியைக் கேட்டு வாங்கலாம். வழித்தடம் முன்கூட்டியே வந்துவிடும். நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு பங்கை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். டிஷ்யூ, சின்னச் சோப்பு, நாப்கின் மூன்றையும் கைக்கு எட்டும் பையில் வையுங்கள். மாதவிலக்கு நாளில் நிகழ்ச்சி வந்தால் ஓட்டலாமா என்பதை உடம்பைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள், தடை ஒன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது. பள்ளியிலும் அப்படித்தான் இருக்கிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். அதில் சிறுநீர்த் தொற்று வரும், மதிய வெயிலில் மயக்கமும் வரும். பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்கு உள்ளே வேறு உள்ளாடை போடாதீர்கள். தையல் உரசித்தான் புண் ஆகிறது. மேலே தொளதொளப்பான பேன்ட் போட்டுக்கொள்வதை யாரும் தடுக்க மாட்டார்கள். பதிவு செய்யுங்கள்.

மலையேற்றப் பயிற்சிக்கு சயனைடு மேட்டில் சைக்கிள் ஏற்றுகிறோம். நண்பர்கள் ஐந்து பேர். நல்ல ஏற்றம். எத்தனை தடவை ஏறினால் போதும்?
– பிளஸ் டூ மாணவர், கோரமண்டல்

ஒரு தடவைகூட ஏறக் கூடாது! நூறு ஆண்டுக்கு மேல் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சிய தூள் அது. காற்றடிக்கும் மாதங்களில் வீட்டுக்குள் வந்து பாத்திரத்தில் படிகிறதே, அதே தூள். ஏற்றத்தில் வாயால் மூச்சு வாங்கும்போது சும்மா நிற்பவரைவிடப் பல மடங்கு காற்று நுரையீரலுக்குள் போகிறது. அந்தத் தூளில் இருக்கும் சிலிக்கா தூசி உள்ளே போனால் போனதுதான். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தா ஒருவர் இரவெல்லாம் இருமுவதைக் கேட்டிருப்பீர்கள். சினிமாக்காரர்கள் அங்கே படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், நீங்கள் இங்கேயே இருக்கப் போகிறவர்கள். ஏற்றம் வேண்டுமா? கோலாருக்குப் போய் அந்தரகங்கை மலைச் சாலையில் ஏறுங்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஐயா, நான் சுரங்கத்தின் உள்ளே டிரில்லிங் வேலை பார்த்தவன். மூடும்போது வயது 36. இப்போதும் தினம் மார்க்கெட்டுக்குச் சைக்கிள்தான். பேரன் 200 ஓட்டப் போகிறான், நீங்களும் வாருங்கள் என்கிறான். போகலாமா? ஏற்றத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.
– வாசகர், சாம்பியன் ரீஃப்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வயது தடையே இல்லை, அறுபது தாண்டியவர்கள் இதை நன்றாக முடிக்கிறார்கள். ஆனால் டிரில்லிங் என்றும் மூச்சு வாங்கும் என்றும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். கல்தூசி நோய் வேலையை விட்டுப் பல ஆண்டு கழித்தும் வளரக்கூடியது. முதலில் நெஞ்சு எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை இரண்டையும் செய்துகொள்ளுங்கள். எத்தனை ஆண்டு உள்ளே இருந்தீர்கள், என்ன வேலை என்று மருத்துவரிடம் நீங்களே சொல்ல வேண்டும். இளம் மருத்துவர்களுக்கு அதைக் கேட்கத் தோன்றுவதில்லை. காசநோய்க்கும் பார்க்கச் சொல்லுங்கள், கல்தூசி நுரையீரலில் அது எளிதாகப் பிடித்துக்கொள்ளும். மருத்துவர் சரி என்று சொன்னால் பேரனோடு முதலில் பேத்தமங்கலம் ஏரி வரை போய்வாருங்கள். எனக்கு மறுபடி எழுதுங்கள், உங்கள் கடிதத்துக்குக் காத்திருப்பேன்.

போன முறை 140-வது கிலோமீட்டரில் வாந்தி. நாலு லிட்டர் தண்ணீர் குடித்திருந்தேன், மதியம் பிரியாணியும் சாப்பிட்டேன். எனர்ஜி ஜெல் வாங்கவில்லை, அதனாலா?
– வாசகர், பி.இ.எம்.எல். நகர்

ஜெல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரியாணி ஒரு காரணம்: எண்ணெயும் இறைச்சியும் செரிக்க இரைப்பைக்கு ரத்தம் வேண்டும், அந்த ரத்தம் உங்கள் காலில் இருந்தது. வெறும் தண்ணீர் இன்னொன்று. வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்க, உப்பில்லாத தண்ணீராகவே ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, குமட்டல் வரும், விரல் வீங்கி மோதிரம் இறுகும். அதையும் மீறி ஓட்டினால் குழப்பம், வலிப்பு வரை போகும். இரண்டு பாட்டிலில் ஒன்றில் எப்போதும் ஓ.ஆர்.எஸ். இருக்கட்டும், பாக்கெட்டில் போட்ட அளவுத் தண்ணீரில் கலக்குங்கள்.

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம் அளவு இருக்கிறது. வாழைப்பழம், கடலை மிட்டாய், இட்லி, தயிர்சாதம் போதும். பசி வருவதற்கு முன்னால், அரை மணிக்கு ஒரு முறை, கொஞ்சம் கொஞ்சமாக. ஞாயிறு பயிற்சியில் சாப்பிட்டுப் பழகாத எதையும் அன்று வாயில் வைக்காதீர்கள்.

காமசமுத்திரம் வழியாகக் குப்பம் போய்வர விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பலாமா? இல்லை, புதுச் சென்னை எக்ஸ்பிரஸ்வேயில் ஓட்டலாமா?
– வாசகர், ராபர்ட்சன்பேட்டை

காமசமுத்திரம் பக்கம் யானை நடமாடும் காடு, வெளிச்சம் வந்த பிறகு போங்கள். எக்ஸ்பிரஸ்வே சைக்கிளுக்கான சாலை இல்லை.

பத்தே நிமிடம் தாமதம். முடித்ததாக ஏற்க மறுத்துவிட்டார்கள். யாரிடம் முறையிடுவது?
– வாசகர், கோலார்

யாரிடமும் இல்லை. 13 மணி 30 நிமிடம் என்றால் அதுதான். உங்கள் கணக்கை நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள்: ஓடும்போது சராசரி மணிக்கு 20 கிலோமீட்டர். அப்படியானால் மிதித்தது 10 மணி நேரம். மீதி 3 மணி 40 நிமிடம் நின்றிருக்கிறீர்கள். பங்க்சருக்கு அரை மணி என்று வைத்தாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் டீக்கடையிலும் போட்டோவிலும் போயிருக்கிறது. அடுத்த தடவை நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் கண்ட்ரோலில் பதிவு வாங்கும் பிரெவே கார்டோடு ஒரு துண்டுச் சீட்டையும் பையில் வைத்து, அதில் எழுதுங்கள். வேகத்தைக் கூட்ட வேண்டாம்.