மூக்கை நம்பாதீங்க, மீட்டரை நம்புங்க: வாயுக் கிடங்குத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புப் பாடம்

எல்.பி.ஜி. நிரப்பும் நிலையம், அமோனியா தொட்டி உள்ள உரத் தொழிற்சாலை, மீன் பதப்படுத்தும் குளிர்பதனக் கூடம், குளோரின் சிலிண்டர் வைத்திருக்கும் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். உங்கள் வீட்டில் யாராவது இப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்க்கிறார்களா? அப்படியானால் இந்தப் பாடம் உங்களுக்கானது. வேலைக்குப் போகிறவரும் வீட்டில் இருப்பவரும் சேர்ந்தே படியுங்கள்.

2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூரில் கடலுக்கடியில் செல்லும் அமோனியா குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம் பகுதி மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் நள்ளிரவில் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அமோனியாவுக்குக் கடுமையான நெடி உண்டு. அதனால் மக்களுக்குத் தெரிந்தது. நெடியே இல்லாத வாயு என்றால் எப்படித் தெரியும்? அதற்குத்தான் கேஸ் டிடெக்டர்.

மூக்கு ஏன் போதாது?

"நாத்தம் வந்தா தெரியாதா சார், இருபது வருஷமா இங்கதான் வேலை பாக்குறேன்" என்று அனுபவமுள்ளவர்களே சொல்வார்கள். மூன்று காரணங்களால் அது ஆபத்தான நம்பிக்கை.

1. நைட்ரஜன், ஆர்கான், கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றுக்கு மணம் இல்லை. நைட்ரஜன் விஷமும் அல்ல. ஆனால் அது ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குக் கீழே போனால், மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் ஆள் மயங்கி விழுந்துவிடுவார்.
2. ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சுமார் 100 பி.பி.எம். அளவை எட்டினால், மோப்ப நரம்பு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாடை போயிடுச்சு" என்று நினைக்கும் நேரம்தான் உயிருக்கு ஆபத்தான நேரம்.
3. தினமும் அதே நெடியில் வேலை பார்ப்பவரின் மூக்கு அதற்குப் பழகிவிடும்.

மீட்டரில் வரும் நான்கு எண்கள்

தொழிலாளர் சட்டையில் மாட்டிக்கொள்ளும் சாதாரண கருவி நான்கு விஷயங்களைக் காட்டும்.

- ஆக்சிஜன்: இயல்பான காற்றில் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலும் 23.5க்கு மேலே போனாலும் அலாரம் அடிக்கும். அதிகமானால் என்ன தப்பு என்று கேட்கலாம். ஆக்சிஜன் கூடினால் துணியும் கிரீஸும் மிக எளிதில் பற்றிக்கொள்ளும்.
- எல்.இ.எல்.: தீப்பிடிக்கும் வாயுவின் அளவு. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மீட்டரில் 10 என்று வந்தால், காற்றில் 10 சதவீத வாயு என்று அர்த்தம் அல்ல. தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் பத்தில் ஒரு பங்கு வந்துவிட்டது என்று அர்த்தம். எல்.பி.ஜி. காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். ஆக மீட்டரில் 100 என்றால், ஒரு பொறி போதும்.
- கார்பன் மோனாக்சைடு: பொதுவாக 35 பி.பி.எம். அளவில் முதல் அலாரம்.
- ஹைட்ரஜன் சல்ஃபைடு: பொதுவாக 10 பி.பி.எம். அளவில் முதல் அலாரம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்த நான்கில் அமோனியாவும் குளோரினும் இல்லை. அந்த வாயுக்களுக்குத் தனி சென்சார் வேண்டும். அமோனியா கிடங்கில் வெறும் நான்கு வாயு மீட்டரை மாட்டிக்கொண்டு, "அலாரம் அடிக்கலையே" என்று நிம்மதியாக இருக்கக் கூடாது.

மேலேயா, கீழேயா?

சுவரில் பொருத்தும் டிடெக்டரை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்பதை வாயுவின் எடை தீர்மானிக்கிறது. எல்.பி.ஜி., குளோரின் இரண்டும் காற்றைவிடக் கனமானவை. பள்ளத்திலும் வடிகாலிலும் தேங்கும் என்பதால், தரைக்கு அருகில் வைக்க வேண்டும். ஹைட்ரஜனும் அமோனியாவும் இலேசானவை. கூரைப் பக்கம் வைக்க வேண்டும். ஆனால் அழுத்தத்தில் திரவமாக உள்ள அமோனியா பீறிட்டால், குளிர்ந்த வெண்புகையாகத் தரையோடு ஊர்ந்தும் வரும்.

தொட்டிக்குள் இறங்கும் முன் மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் குழாய் விட்டுச் சோதிக்க வேண்டும். முதலில் ஆக்சிஜனைப் பார்க்க வேண்டும். ஏனென்றால், பல மீட்டர்களில் உள்ள எல்.இ.எல். சென்சார் சரியாக வேலை செய்யவே ஆக்சிஜன் தேவை. அது குறைந்த இடத்தில், வாயு நிறைய இருந்தும் குறைவாகக் காட்டிவிடும்.

மீட்டரையும் சோதிக்க வேண்டும்

திரையில் எண் தெரிவதால் மட்டும் சென்சார் உயிரோடு இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன், அளவு தெரிந்த சோதனை வாயுவைச் சில நொடி காட்டி, அலாரம் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு பம்ப் டெஸ்ட் என்று பெயர். (தண்ணீர் பம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில் காலிபரேஷனும் செய்ய வேண்டும். சிலிகோன் கலந்த ஸ்ப்ரே, பாலிஷ் போன்றவை எல்.இ.எல். சென்சாரைச் செயலிழக்கச் செய்துவிடும். மீட்டர் பக்கத்தில் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.

மீட்டரை மூக்கு, வாய்க்கு அருகில், நெஞ்சுப் பகுதியில் மாட்டுங்கள். பாக்கெட்டுக்குள் போட்டால் அது பாக்கெட்டில் உள்ள காற்றைத்தான் சோதிக்கும்.

செல்போன் உதவுமா?

உதவாது. நாம் பயன்படுத்தும் சாதாரண ஸ்மார்ட்போனில் இந்த வாயுக்களைக் கண்டறியும் சென்சார் இல்லை. எந்த ஆப் அப்படிச் சொன்னாலும் நம்பாதீர்கள். அதுமட்டுமல்ல, தீப்பிடிக்கும் வாயு உள்ள இடத்தில் சாதாரண போனே ஆபத்து. கேட்டில் போனை வாங்கி வைத்தால் கோபப்படாதீர்கள்.

அலாரம் அடித்தால்

1. வேலையை அப்படியே விட்டு உடனே வெளியேறுங்கள். "இன்னும் ரெண்டு போல்ட்டுதான்" என்று நிற்காதீர்கள்.
2. காற்றுப்பையைப் பார்த்து, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நகர்ந்து, பிறகு காற்று வரும் பக்கம் போங்கள்.
3. உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், தனி மூச்சுக் கருவி இல்லாமல் இறங்காதீர்கள். மனசு கேட்காதுதான். ஆனால் தொட்டியிலும் கழிவுநீர்க் குழியிலும் ஒருவரைக் காப்பாற்ற இறங்கி அடுத்தடுத்து இறந்தவர்கள் பலர். குரல் கொடுங்கள், மீட்புக் குழுவை அழையுங்கள். ஏற்கெனவே பெல்ட்டும் கயிறும் கட்டியிருந்தால் வெளியிலிருந்து இழுங்கள்.
4. அமோனியா கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உங்கள் உரிமை

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் ஒருவரை அனுப்பும் முன், தகுதியுள்ள நபர் தானே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும் என்றது. இல்லையேல் மூச்சுக் கருவியும், வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிற்றோடு இணைந்த பெல்ட்டும் அணிய வேண்டும். போபால் விபத்துக்குப் பிறகு, உடனடி ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கும் உரிமை 1987 திருத்தத்தில் தொழிலாளருக்குக் கிடைத்தது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த உரிமை உண்டு. காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் "பெர்மிட் எங்கே, மீட்டர் ரீடிங் எவ்வளவு?" என்று கேளுங்கள்.

போனில் பதிந்து வையுங்கள்

- அவசர உதவி: 112
- தீயணைப்பு, மீட்பு: 101
- ஆம்புலன்ஸ்: 108
- எல்.பி.ஜி. கசிவு: 1906
- மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1077
- முதலமைச்சரின் உதவி மையம்: 1100

ஆலையில் டிடெக்டர் இல்லை, பழுதாகிக் கிடக்கிறது என்றால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் உங்கள் மாவட்ட அலுவலகத்தில் புகார் அளிக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலைக்குக் கிளம்பும்போது "சாப்பாடு எடுத்தாச்சா?" என்று கேட்பது போல, "மீட்டரை டெஸ்ட் பண்ணிட்டுத்தானே மாட்டுறீங்க?" என்றும் கேளுங்கள்.