நல்ல காலும் தளர்கிறதா? போலியோ வந்தவர்கள் கவனிக்க!

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு பஸ் ஏறும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனவர். ஆனாலும் காட்டுக்கும் சந்தைக்கும் ஊன்றுகோல் இல்லாமலேயே நடந்தவர். இப்போது பஸ் படியில் கால் தூக்கி வைக்கவே முடியவில்லை. நல்ல கால் என்று நம்பியிருந்த மற்ற காலும் தளர்கிறது. வீட்டில் என்ன சொல்வார்கள்? "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்!"

வயது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. போலியோ வந்து 15 முதல் 40 ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும் இந்தத் தளர்ச்சிக்கு 'போஸ்ட் போலியோ சிண்ட்ரோம்' என்று பெயர். போலியோவில் இருந்து மீண்டவர்களில் நூற்றுக்கு 25 முதல் 40 பேருக்கு இது வரலாம் என்பது மருத்துவ மதிப்பீடு.

இந்தியாவின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் பதிவானது. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் கிடைத்தது. சொட்டு மருந்து ஜெயித்துவிட்டது, சரி. ஆனால் 1970, 80களில் பாதிக்கப்பட்ட குழந்தைகள் இன்று நாற்பதையும் ஐம்பதையும் தாண்டி நம் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள்.

போலியோ கிருமி, தசைகளை இயக்கும் நரம்பு செல்களை அழிக்கிறது. தப்பித்த செல்கள் புதுக் கிளை விட்டு, அனாதையான தசைகளையும் சேர்த்து இயக்குகின்றன. அதனால்தான் பலரால் மீண்டும் நடக்க முடிந்தது. நாலு பேர் தூக்க வேண்டிய மூட்டையை ஒருத்தரே முப்பது வருஷம் தூக்கினால் என்ன ஆகும்? அந்தக் கிளைகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. கல்வராயன் மலையில் தினமும் மேடு பள்ளம் ஏறி இறங்குகிறவருக்குச் சுமை இன்னும் அதிகம்.

புதிதாகத் தசை பலவீனம், தூங்கி எழுந்தாலும் போகாத அசதி, தசை, மூட்டு வலி, குளிர் தாங்காமை ஆகியவை அறிகுறிகள். சிலருக்கு விழுங்கவும், தூக்கத்தில் மூச்சு விடவும் சிரமம் வரும். கிருமி திரும்பி வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். இது யாருக்கும் தொற்றாது.

இதைக் கண்டுபிடிக்கத் தனிப் பரிசோதனை இல்லை. தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு போன்றவை இல்லை என்று பார்த்த பிறகே மருத்துவர் முடிவு செய்வார். குணமாக்கும் மருந்தும் இல்லை. ஆனால் செய்யக் கூடாத ஒன்று இருக்கிறது: "நல்லா நடந்தா பலம் வந்துடும்" என்று உடம்பை வருத்துவது. அளவு மீறிய பயிற்சி, மிச்சமிருக்கும் நரம்பையும் சோர வைக்கும். இயன்முறை மருத்துவர் சொல்லும் லேசான பயிற்சியும், வேலைக்கு நடுவே ஓய்வும் போதும்.

"இத்தனை வருஷம் கட்டை இல்லாம நடந்தேன், இப்ப எதுக்கு?" என்று கேட்பவர்களின் ரோஷம் புரிகிறது. ஆனால் சூம்பிய காலின் எலும்பு மெலிந்திருக்கும். ஒருமுறை விழுந்தால் போதும், முறிந்துவிடலாம். கேலிபரோ ஊன்றுகோலோ வைத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், போலியோ வந்ததை மயக்க மருந்து தரும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். மேல்சிகிச்சைக்கு, 2022இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும். பிரஷர், சுகர் பார்க்க வரும் ஊழியரிடம் காலைப் பற்றியும் சொல்லுங்கள். நாமாகச் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்!

பலர் கவனிக்காத விஷயம், பழைய சான்றிதழ். 20 வருஷம் முன்பு எழுதிய சதவீதம் இன்றைய உடம்புக்குப் பொருந்தாமல் இருக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பல சலுகைகளுக்கு 40 சதவீதம்தான் எல்லைக்கோடு. புதிய பலவீனம் பற்றிய மருத்துவரின் குறிப்போடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மறு மதிப்பீடு பற்றிக் கேளுங்கள். முடிவில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தின் 59ஆம் பிரிவு வழி தருகிறது.

தேசிய அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் போனிலேயே விண்ணப்பிக்கலாம். மலையில் சிக்னல் போனால் ஓடிபி வராது. ஆதார், பழைய சான்றிதழ், போட்டோ மூன்றையும் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, கீழே இறங்கும் நாளில் முடித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 104 எண்ணில் பேசலாம். எந்த வயதில் போலியோ வந்தது, எந்தக் கால், புதுத் தளர்ச்சி எப்போது ஆரம்பித்தது என்பதையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான்.