ஒரே உடல், இரண்டு விளையாட்டுக்கள்: போ ஜக்சன்

மாணவர்களே, மூட்டுக்களின் வகைகளையும் உடற்றகைமைக் காரணிகளையும் நீங்கள் தனித்தனிப் பாடங்களாகக் கற்றிருப்பீர்கள். இவ்விரண்டையும் தொடர்புபடுத்தி வினவும்போதுதான் தடுமாற்றம் ஏற்படுகின்றது. எனவே ஒரு வீரரை எடுத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து நோக்குவோம்.

போ ஜக்சன் 1962 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பத்துப் பிள்ளைகளுள் எட்டாவதாகப் பிறந்தார். 1986 இல் கன்சாஸ் சிற்றி றோயல்ஸ் அணியில் தொழில்முறைப் பேஸ்போல் வீரரானார். 1987 முதல், பேஸ்போல் பருவகாலம் முடிந்ததும் லொஸ் ஏஞ்சல்ஸ் றைடர்ஸ் அணியில் அமெரிக்க உதைபந்தாட்டமும் ஆடினார்.

இங்கு ஒன்றைக் கவனத்திற் கொள்ளுங்கள். அமெரிக்க உதைபந்தாட்டம் நாம் ஆடும் உதைபந்தாட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவரை மோதி வீழ்த்துவதுமே அதில் முக்கியமானவை. றக்பியுடன் ஒப்பிட்டால் விளங்கும். பேஸ்போலோ நமது எல்லேயை ஒத்தது. பந்தைத் துடுப்பால் அடித்துவிட்டுத் தளங்களைச் சுற்றி ஓடவேண்டும்.

முதலாவதற்கு வேகமும் வலிமையும் தேவை. இரண்டாவதற்கு அவற்றோடு கண், கை ஆகியவற்றின் இயைபாக்கமும் வேண்டும். ஜக்சனிடம் வேகமும் வலிமையும் அபரிமிதமாக இருந்தன. 1987 இல் தமது 25 ஆவது பிறந்தநாளன்று சியாற்றிலில் நடைபெற்ற போட்டியில் 221 யார் தூரம் பந்துடன் ஓடினார். அதில் ஓர் ஓட்டம் மாத்திரம் 91 யார். இயைபாக்கத்தில் அவர் அவ்வளவு சீரானவரல்லர் என்பதையும் சொல்லவேண்டும். 1989 இல் 32 தடவைகள் பந்தை எல்லைக்கு அப்பால் அடித்த அவரே, 172 தடவைகள் பந்தைத் தவறவிட்டு ஆட்டமிழந்தார். எனினும் அவ்வாண்டு நட்சத்திர வீரர்களின் போட்டியில் சிறந்த வீரராகத் தெரிவானார். இரு விளையாட்டுக்களிலும் நட்சத்திர அணிக்குத் தெரிவான முதல் வீரர் அவரே.

1991 ஜனவரி 13 ஆம் திகதி உதைபந்தாட்டப் போட்டியொன்றில் பின்னாலிருந்து பிடித்து வீழ்த்தப்பட்டபோது அவரது இடது இடுப்பு மூட்டு விலகியது. இடுப்பு மூட்டு பந்துக்கிண்ண மூட்டு என்பது உங்களுக்குத் தெரியும். தொடை என்பின் உருண்டையான தலை, இடுப்பென்பின் குழியினுள் பொருந்தியிருக்கும். 'மூட்டு விலகியது' என எழுதி விடையை முடித்துவிடாதீர்கள். விலகிய மூட்டை மீண்டும் பொருத்தலாம். ஆனால் என்பின் தலைக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் சிறிய குழாய்கள் அதன் கழுத்தை ஒட்டியே செல்கின்றன. அவை சேதமடைந்தால் குருதி கிடைக்காமல் என்பின் கலங்கள் இறக்கின்றன. ஜக்சனுக்கு நிகழ்ந்தது இதுவே. அதன் பின்னர் அவர் உதைபந்தாட்டம் ஆடவேயில்லை.

றோயல்ஸ் அணியும் அவரை விடுவித்தது. சிக்காகோ வைற் சொக்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1991 இன் இறுதியில் சில போட்டிகளில் ஆடினாரெனினும் வலி தீரவில்லை. 1992 ஏப்ரலில் செயற்கை இடுப்பு மூட்டுப் பொருத்தப்பட்டது. அவ்வாண்டு அவரது தாயாரும் காலமானார். 1993 ஏப்ரலில் களத்துக்குத் திரும்பிய அவர், முதலாவது வீச்சிலேயே பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பினார்.

அவ்வாண்டு அவ்வாறு 16 தடவைகள் அடித்தார். பேஸ்போலில் 'தளம் திருடுதல்' என்றொன்று உண்டு. பந்து அடிக்கப்படாமலேயே, எதிரணி பந்தால் தொடுமுன் அடுத்த தளத்துக்கு ஓடிச்சேர்வது அது. 1988 இல் 27 தளங்களைத் திருடிய ஜக்சன் 1993 இல் ஒன்றையேனும் திருடவில்லை. 1994 உடன் அவரது ஆட்டம் முடிவுற்றது. பின்னர் தாம் இடையில் விட்ட ஓபேர்ன் பல்கலைக்கழகப் படிப்பைத் தொடர்ந்து, 1995 இல் பட்டம் பெற்றார்.

பயிற்சி வினா: 1993 இல் ஜக்சனால் பந்தைத் தூர அடிக்க முடிந்தும் தளங்களைத் திருடாமைக்குரிய காரணத்தை, உடற்றகைமைக் காரணிகள் இரண்டையும் இடுப்பு மூட்டின் அமைப்பையும் தொடர்புபடுத்தி விளக்குக.