ஜெரோம் கவிழ்த்த கட்டைவிரல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ரோம் நகரத்து அரங்கில் தோற்று விழுந்த வீரனைப் பார்த்துக் கூட்டம் கட்டைவிரலைக் கீழே கவிழ்க்கிறது. கண் கட்டப்பட்ட இளம்பெண் ஒருத்தி, தன் தலையை வைக்கவேண்டிய கட்டையைத் தேடிக் காற்றில் கைநீட்டித் துழாவுகிறாள். சிறகுள்ள இளைஞன் ஒருவன் மடக்கிய கைக்குப் பின்னால் முகத்தை மறைத்து, கண்களால் மட்டும் முறைக்கிறான். சினிமாவிலோ மீம்களிலோ, யாராவது வைத்திருக்கும் வாட்ஸ்அப் டிபியிலோ இவற்றை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மூன்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு அகாடமி ஓவியர்களின் கைவண்ணம்.

இந்த மரபை வளர்த்த பாரிஸின் அரசுக் கலைப்பள்ளியான எக்கோல் தே போஸாரில் மாணவன் முதலில் அச்சுப் படங்களைப் பார்த்து வரைவான். பிறகு பிளாஸ்டர் சிலைகள். கை தேறிய பிறகுதான் உயிருள்ள மாடல். வரைகோடு பிசகக்கூடாது, தூரிகை போன தடம் தெரியக்கூடாது. சலோன் என்னும் அரசுக் கண்காட்சியில் படம் தொங்கினால்தான் பேரும் பிழைப்பும். அங்கே பேர் வாங்கிய படங்களைக் கூப்பில் போன்ற வணிகர்கள் அச்சடித்து ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் விற்றார்கள். ஓவியர் ழான்-லியோன் ஜெரோம் அந்தக் கூப்பில் வீட்டு மாப்பிள்ளை. சினிமா பிறப்பதற்கு முன்பே உலகம் ஒரே படத்தைப் பார்த்து ஒரே மாதிரி கற்பனை செய்யப் பழகியது இப்படித்தான்.

அந்தக் கற்பனைகளில் சில இன்று வரலாறாகவே நம்பப்படுகின்றன. கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: கட்டைவிரலைக் கீழே காட்டினால் மரணம், மேலே காட்டினால் உயிர், இது ரோமானியர் வழக்கம்.

உண்மை: இந்தக் காட்சியை உலகத்தின் மனத்தில் பதித்தது ஜெரோம் 1872-இல் வரைந்த 'போலிசே வெர்சோ'. வென்றவன் விழுந்தவனின் கழுத்தில் கால் வைத்து நிற்கிறான். விழுந்தவன் கையை உயர்த்தி உயிர்ப்பிச்சை கேட்கிறான். முன்வரிசையில் வெள்ளை உடுத்திய வெஸ்டல் கன்னியர் எனப்படும் பெண் பூசாரிகள் உடம்பை முன்னே தள்ளிக் கட்டைவிரலைக் கவிழ்க்கிறார்கள். மேலே கட்டிய பந்தல் துணியின் இடைவெளி வழியே வெயில் கோடு கோடாகச் சுவரில் விழுகிறது. அந்த வெயில் கோடுகளைப் பார்த்தபின் அரங்கமே பொய் என்று யாருக்குச் சொல்ல மனம் வரும்?

ஜெரோம் நன்றாகவே படித்துத்தான் வரைந்தார். தலைக்கவசங்களுக்குப் பொம்பெய் அகழ்வில் கிடைத்தவை முன்மாதிரி. விரலுக்கு மட்டும் அப்படி ஒரு முன்மாதிரி கிடைக்கவில்லை. ஜுவெனல் போன்ற ரோமானியக் கவிஞர்கள் 'போலிசே வெர்சோ', அதாவது 'திருப்பிய கட்டைவிரல்', என்று மட்டுமே எழுதினார்கள். மேலேயா, கீழேயா, பக்கவாட்டிலா, மார்பை நோக்கியா என்று அவர்கள் சொல்லவில்லை. ஆதரவு காட்டும்போது கட்டைவிரலை அழுத்திக்கொள்வது வழக்கம் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி குறித்திருக்கிறார். ஆகவே உயிர் தருவதற்கான சைகை விரலை மேலே தூக்குவது அல்ல, முஷ்டிக்குள் மடக்குவது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. ஜெரோம் ஒரு திசையைத் தேர்ந்தெடுத்தார், உலகம் அதைப் பிடித்துக்கொண்டது.

'கிளாடியேட்டர்' படத்துக்காக ரிட்லி ஸ்காட்டை அணுகிய தயாரிப்பாளர்கள், திரைக்கதையைப் படிக்கக் கொடுப்பதற்கு முன்பே இந்த ஓவியத்தின் பிரதியைக் காட்டினார்கள். அவர் அப்போதே மனத்தளவில் ஒப்புக்கொண்டுவிட்டார். 2000-இல் வந்த அந்தப் படத்தில் பேரரசன் கொமோடஸ் விரலை ஆட்டி உயிரையும் மரணத்தையும் தீர்மானிக்கும்போது, நாம் பார்ப்பது ஜெரோமின் ரோமாபுரியைத்தான்.

நம்பிக்கை 2: 'சாகப்போகிற நாங்கள் உம்மை வணங்குகிறோம்' என்று கிளாடியேட்டர்கள் ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் சொல்வார்கள்.

உண்மை: ஜெரோம் 1859-இல் இந்த வணக்கத்தையே தலைப்பாக்கி ஓர் ஓவியம் தீட்டினார். ஆனால் பழைய நூல்களில் இந்த வணக்கம் ஒரே ஒரு நிகழ்ச்சியோடு சேர்த்துத்தான் வருகிறது. கி.பி. 52-இல் ஃபுசினஸ் ஏரியில் பேரரசர் கிளாடியஸ் ஒரு போலிக் கடற்போர் நடத்தினார். அப்படிக் கூவியவர்கள் அதில் இறக்கப்பட்ட தண்டனைக் கைதிகள். 'சாகாமலும் போகலாம்' என்ற பொருளில் கிளாடியஸ் ஏதோ பதில் சொல்ல, மன்னிப்பே கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அவர்கள் சண்டையிட மறுத்தார்கள் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ். தினசரிச் சடங்காக இது நடந்ததற்குச் சான்று கிடையாது.

நம்பிக்கை 3: கால் (Gaul) இனத்தவரின் தலைவன் வெர்சிங்கெடோரிக்ஸ் குதிரையில் கம்பீரமாக வந்து, ஆயுதங்களைச் சீசர் காலடியில் எறிந்தான்.

உண்மை: லியோனல் ருவாயே 1899-இல் வரைந்த ஓவியத்தில் வெள்ளைக் குதிரை, நீண்ட மீசை, நிமிர்ந்த தலை எல்லாம் உண்டு. தோற்றவன்தான் அதில் கதாநாயகன். 1961-இல் புத்தகமாக வந்த முதல் ஆஸ்டெரிக்ஸ் காமிக்ஸின் தொடக்கத்திலேயே இந்தக் காட்சி கேலிச் சித்திரமாகிறது. ஆயுதங்கள் சீசரின் காலிலேயே விழ, அவர் வலியில் அலறுகிறார்.

களத்திலேயே இருந்த சீசர் தன் நூலில், வெர்சிங்கெடோரிக்ஸ் ஒப்படைக்கப்பட்டான், ஆயுதங்கள் கீழே போடப்பட்டன என்று இரண்டு மூன்று சொற்களில் முடித்துவிடுகிறார். குதிரையும் அலங்காரமும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து எழுதிய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் தந்தவை. மீசைக்கு அந்த ஆதாரமும் இல்லை. வெர்சிங்கெடோரிக்ஸ் பெயர் பொறித்த தங்கக் காசுகளில் இருப்பது மீசையும் தாடியும் இல்லாத இளைஞனின் தலை. 1870-71 போரில் ஜெர்மனியிடம் தோற்ற பிரான்ஸுக்குத் தோல்வியிலும் தலைகுனியாத ஒரு முன்னோர் தேவைப்பட்டார். அந்தத் தேவையை ருவாயேயின் தூரிகை நிறைவேற்றியது.

நம்பிக்கை 4: ஜேன் கிரே இருண்ட நிலவறையில் வெள்ளைப் பட்டுடுத்திக் கொல்லப்பட்டாள்.

உண்மை: போல் தெலாரோஷ் 1833-இல் வரைந்த இந்தப் படத்தின் முன் லண்டன் நேஷனல் கேலரியில் இன்றும் கூட்டம் நிற்கும். கட்டைக்குக் கீழே ரத்தத்தை உறிஞ்ச வைக்கோல். பணிப்பெண் ஒருத்தி தூணில் முகம் புதைத்திருக்கிறாள். லண்டன் கோபுரச் சிறை அதிகாரி ஜேனை மென்மையாக வழிநடத்துகிறார். ஒன்பது நாள் இங்கிலாந்தின் ராணியாக இருந்த அந்தப் பதின்வயதுப் பெண் கண்கட்டுடன் கட்டையைத் தேடித் தடுமாறியது சமகாலக் குறிப்பில் உள்ளதுதான். மற்றவை மேடை அமைப்பு. 1554 பிப்ரவரியில் தண்டனை நிறைவேறியது லண்டன் கோபுரத்தின் திறந்த புல்வெளியில். அவள் உடுத்தியிருந்தது கறுப்பு உடை.

இதே தெலாரோஷ்தான் நெப்போலியன் விஷயத்தில் உண்மையின் பக்கம் நின்றார். ஆல்ப்ஸைக் கடக்கும் நெப்போலியனைப் பாயும் குதிரையில் ஏற்றியவர் ஓவியர் தாவீத். குளிரில் ஒடுங்கிய மனிதனாக, வழிகாட்டி நடத்திச் செல்லும் கோவேறு கழுதையில் உட்காரவைத்தார் தெலாரோஷ். 1800-இல் உண்மையாக நடந்ததும் அதுவே.

நம்பிக்கை 5: ஜெரோம் கீழை நாடுகளுக்கு நேரில் போனவர், ஆகவே 'பாம்பாட்டி' அவர் கண்ட காட்சி.

உண்மை: எகிப்துக்கும் துருக்கிக்கும் அவர் பலமுறை போனது நிஜம். ஆனால் 1879-ஐ ஒட்டி வரைந்த அந்தப் படத்தின் நீல ஓட்டுச் சுவர் இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையிலிருந்து வந்தது, பாம்பாட்டும் வித்தையோ எகிப்துடையது. இரண்டையும் பாரிஸ் ஸ்டூடியோவில் ஒட்டவைத்தார். ஓட்டின் ஒவ்வொரு பூவும் துல்லியமாக இருப்பதால், முழுக் காட்சியும் உண்மை என்று கண் ஏமாறுகிறது. எட்வர்ட் சயீதின் 'ஓரியன்டலிசம்' நூல் 1978-இல் வந்தபோது இதுவே அட்டைப்படமானது. ஓவியத்தை விரிவாக அலசி அதிலுள்ள ஜோடனையைக் காட்டியவர் கலை வரலாற்றாசிரியர் லிண்டா நாக்லின், 1983 கட்டுரையில்.

நம்பிக்கை 6: கிணற்றில் குளித்த உண்மையின் ஆடையைப் பொய் திருடிப்போனது, வெட்கத்தில் உண்மை மறுபடி கிணற்றுக்குள் மறைந்தது. இந்தக் கதைக்கு ஜெரோம் வரைந்த படமே ஆதாரம்.

உண்மை: நமக்கு அடிக்கடி வரும் ஃபார்வர்டு இது. கூடவே வரும் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். 1896-இல் வரைந்த அந்தப் பெண் ஒரு காலைக் கிணற்றுச் சுவருக்கு வெளியே போட்டு ஏறி வருகிறாள். வாய் திறந்து கத்துகிறாள். கையில் வார்ச் சாட்டை. மனித குலத்தைத் தண்டிக்க உண்மை சாட்டையோடு கிணற்றிலிருந்து வருகிறாள் என்பதே ஓவியத்தின் முழுத் தலைப்பு. இதில் வெட்கத்துக்கு இடமே இல்லை, திருட்டும் இல்லை. உண்மை ஆழத்தில் கிடக்கிறது என்ற கருத்து கிரேக்க ஞானி டெமோக்ரிடஸ் காலத்தியது. முந்தைய ஆண்டு 1895-இல், பொய்யர்களும் நடிகர்களும் கொன்றுபோட்ட உண்மை கிணற்றின் அடியில் பிணமாகக் கிடப்பதாக ஜெரோம் ஒரு படம் வரைந்திருந்தார். செத்துக் கிடந்தவள் அடுத்த ஆண்டு எழுந்து வந்துவிட்டாள்.

அவளை யார் மேலே கொண்டுவந்தது என்பதற்கும் ஜெரோமிடம் ஒரு பதில் இருந்தது. 1902-இல் ஒரு நூலுக்கு எழுதிய முன்னுரையில், புகைப்படக் கலையால்தான் உண்மை கிணற்றைவிட்டு வெளியே வந்தது, இனி உள்ளே போகாது என்று எழுதினார்.

நம்பிக்கை 7: கேமரா வந்ததும் 'ஓவியம் இன்றோடு செத்தது' என்று தெலாரோஷ் புலம்பினார்.

உண்மை: அவர் அப்படிச் சொன்னதற்கு அவர் காலத்துச் சான்று கிடையாது. இருக்கும் ஆதாரம் இதற்கு நேர் எதிர். 1839-இல் தகேரின் புகைப்படக் கண்டுபிடிப்பை அரசு வாங்கவேண்டும் என்று விஞ்ஞானி அராகோ வாதாடியபோது, இது ஓவியர்களுக்குப் பெரிய உதவி என்று பாராட்டி அவருக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர் தெலாரோஷ்.

நம்பிக்கை 8: அகாடமிக்காரர்கள் ஒரு கட்சி, இம்ப்ரெஷனிஸ்டுகள் எதிர்க்கட்சி, முன்னவர்களுக்கு எல்லாம் தட்டில் வைத்துக் கிடைத்தது.

உண்மை: முதலில் சிறகுள்ள அந்த இளைஞனிடம் வருவோம். 'வீழ்ந்த தேவதூதன்' 1847-இல் ரோமில் பயிற்சியிலிருந்த அலெக்ஸாந்த்ர் கபனெலின் வேலை. அப்போது அவருக்கு வயது 23. இன்று ரீல்ஸில் கொண்டாடப்படும் அந்தச் சிவந்த கண்களும் கண்ணீரும் அகாடமிக்குப் பிடிக்கவில்லை. அசைவு சரியில்லை, வரைகோடு துல்லியமில்லை, வேலை நேர்த்தி போதாது என்று எழுதி அனுப்பினார்கள். கபனெல் மனம் நொந்தார், ஆனாலும் விடவில்லை. 1863-இல் அவருடைய 'வீனஸின் பிறப்பு' ஓவியத்தை மூன்றாம் நெப்போலியனே வாங்கினார்.

அடுத்து, கட்சி பிரிந்த கதை. பின்னாளில் இம்ப்ரெஷனிஸ்டுகளாக அறியப்பட்ட மோனே, ரெனுவார், சிஸ்லி, பஸீல் நால்வரும் 1860-களின் தொடக்கத்தில் சந்தித்துக்கொண்ட இடம் சார்ல் க்ளேரின் ஸ்டூடியோ. அதே க்ளேரிடம் அதற்கு முன் படித்தவர் ஜெரோம். மனே ஆறு ஆண்டு தோமா கூத்யூரிடம் தொழில் கற்றார். இம்ப்ரெஷனிஸ்டுகளின் கண்காட்சிகளில் அவர் ஒருமுறைகூடக் கலந்துகொள்ளவில்லை. சலோனுக்கே படம் அனுப்பி 1881-இல் பதக்கமும் வாங்கினார். மத்தீஸ் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்த ஆசிரியர் வில்லியம் பூகெரோ. பகை இருந்ததும் உண்மை. ஓவியர் கய்போத் விட்டுச்சென்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்களை அரசு ஏற்கக்கூடாது என்று 1894-இல் ஜெரோம் கடுமையாக எதிர்த்தார். அது ஒரே குடும்பத்துக்குள் நடந்த சண்டை. அதனாலேயே அவ்வளவு சூடாக இருந்தது.

இந்த ஓவியர்களை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது. அவர்கள் கதையின் எந்த நொடியை நிறுத்திக் காட்டவேண்டும் என்று அறிந்தவர்கள். ஜேனின் தலை விழும் நொடியை விட்டுவிட்டு, அவள் கை துழாவும் நொடியைத் தெலாரோஷ் எடுத்தார். சினிமா இயக்குநர்கள் இன்றும் அவர்களிடம் போய் நிற்பதற்குக் காரணம் அந்தத் திறமை. ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கவசமும் நீல ஓடுகளும் வெயிலும் சரியாக இருந்தால், சரியில்லாத விரலையும் மீசையையும் சேர்த்து நம்பிவிடுகிறோம்.

ஆகவே அடுத்த முறை ஒரு வரலாற்றுப் படம் கைபேசிக்கு வந்தால், இரண்டு ஆண்டுகளை அருகருகே எழுதிப் பாருங்கள்: சம்பவம் நடந்த ஆண்டு, படம் வரையப்பட்ட ஆண்டு. ஜேன் கிரேக்கும் தெலாரோஷுக்கும் இடையே 279 ஆண்டுகள். வெர்சிங்கெடோரிக்ஸுக்கும் ருவாயேக்கும் இடையே 1950 ஆண்டுகள். இரண்டாவது ஆண்டைப் பற்றித்தான் அந்தப் படம் நமக்கு அதிகம் சொல்லும். அதைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவருக்கு ஓவியரின் படிப்பும் கற்பனையும் தனித்தனியே புலப்படும், இரண்டையும் மனமார ரசிக்கவும் முடியும்.