காண்பது கண்ணா? மூளையா?

முன்னுரை

‘கண்ணால் கண்டேன்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்குமேல் சாட்சி வேண்டா என்பது நம் நாட்டு வழக்கு. காணும் தொழில் முழுவதையும் கண்ணுக்கே உரியதாக நாம் எண்ணி வருகிறோம். ஆயினும், கண்ணில் ஒரு குறையும் இல்லாத மனிதர், எதிரே நிற்கும் தம் மகனை முகம் கொண்டு அறிய இயலாமல் திகைப்பதுண்டு. இலையில் இட்ட சோற்றில் வலப்பாதியை மட்டும் உண்டுவிட்டு, இடப்பாதி அப்படியே இருக்க, மீண்டும் சோறு கேட்பதுண்டு. கண்ணைச் சோதித்தால் கண்ணில் பழுதில்லை என்று தெரியவரும். உடனே வீட்டார், ‘நடிக்கிறார்’ என்றோ, ‘புத்தி பேதலித்துவிட்டது’ என்றோ முடிவு கட்டிவிடுகின்றனர். அது நடிப்பும் அன்று, பித்தும் அன்று. மூளையில் பார்வைக்குரிய பகுதி பழுதுற்றதன் விளைவு அது. கண் ஒளியை வாங்குகிறது, காண்பது மூளையே. இவ்வுண்மையையும், இதனை அறியாமையால் நேரும் துன்பத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் கண்ட நெறி

உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்த தொல்காப்பியர், கண்ணை நான்காம் அறிவுக்கு உரியதாக்கினார். மனத்தை ஆறாம் அறிவாகத் தனியே வைத்தார். கண்ணால் பெறுவது வேறு, மனத்தால் அறிவது வேறு என்னும் தெளிவு தமிழ் மரபில் தொன்றுதொட்டே இருந்தது என்பதற்கு இப்பகுப்பு சான்றாகும்.

இத்தெளிவை ஆய்வுநெறியில் வளர்த்தவர், பசுரா நகரில் கி.பி. 965ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் என்னும் பேரறிஞர் ஆவார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே பார்வை நிகழ்கிறது என்று கிரேக்க அறிஞர் பலர் கருதியிருந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் புகுகிறது என்று இவர் நிறுவினார். 1011க்கும் 1021க்கும் இடைப்பட்ட காலத்தில் இவர் இயற்றிய ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஏழு பாகங்கள் கொண்ட நூல், இலத்தீன் மொழியில் பெயர்க்கப்பெற்று ஐரோப்பிய ஒளியியலுக்கு அடிப்படையாயிற்று. ஒளியும் நிறமும் உணரப்படுவது முதற்படி. முன்பு கண்டதோடு ஒப்பிட்டு, நினைவின் துணையால் இன்னதென்று துணிவது அடுத்த படி. அத்துணிவு மிக விரைவாக நிகழ்வதால் நாம் அதனை உணர்வதில்லை என்பது அவர் கொள்கை. பார்வை முடிவுறும் இடம் மூளையின் முன்பகுதி என்று அவர் கருதினார். அது பின்பகுதியில் உள்ளது என்பது பிற்கால ஆய்வில் தெளிவாயிற்று. இடம் மாறிற்றே தவிர, நெறி மாறவில்லை.

ஒளி செல்லும் வழி

விழியின் உட்புறத்தே அமைந்த விழித்திரையில் ஒளியுணரும் செல்கள் இருவகைப்படும். மங்கிய ஒளியில் தொழிற்படும் கோல்கள் ஏறத்தாழ 12 கோடி. நிறமும் நுணுக்கமும் காட்டும் கூம்புகள் ஏறத்தாழ 60 லட்சம். இவை பெற்ற செய்திகளை மூளைக்குக் கொண்டுசெல்லும் பார்வை நரம்பிலோ ஏறத்தாழ 10 லட்சம் இழைகளே உள்ளன. எனவே, விழித்திரையிலேயே செய்திகள் சுருக்கப்பட்டுவிடுகின்றன என்பது விளங்கும்.

இரு கண்களின் நரம்புகளும் மூளையின் அடியில் சந்திக்கின்றன. அங்கே மூக்குப் பக்கத்து இழைகள் மட்டும் எதிர்ப்புறம் மாறிச் செல்கின்றன. இதனால், இரு கண்களும் காணும் இடப்பாதிக் காட்சி வலமூளைக்கும், வலப்பாதிக் காட்சி இடமூளைக்கும் போய்ச் சேர்கிறது. இடையே தலாமசு என்னும் நிலையத்தில் தங்கி, பின்தலையில் உள்ள பிடரி மடலை அச்செய்தி அடைகிறது. அங்கிருந்து இரு பெருவழிகள் பிரிகின்றன. கீழ்வழி ‘இது என்ன?’ என்று அறிகிறது. மேல்வழி ‘எங்கே உள்ளது? கையை எப்படி நீட்டுவது?’ என்று அறிகிறது.

மூளை வெறுமனே செய்தியைப் பெறுவதோடு நிற்பதில்லை. இல்லாததை இட்டு நிரப்பவும் செய்கிறது. மாணவர்கள் இதனைத் தாமே சோதித்தறியலாம். ஒரு வெள்ளைத் தாளில் இடப்புறம் ஒரு பெருக்கற்குறியும், அதற்கு வலப்புறம் எட்டு சென்டிமீட்டர் தள்ளி ஒரு கரும்புள்ளியும் இடுக. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் பெருக்கற்குறியையே நோக்கியவாறு தாளை முகத்திலிருந்து ஓரடித் தொலைவில் மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துக. ஓரிடத்தில் கரும்புள்ளி மறைந்துவிடும். நரம்பு வெளியேறும் அவ்விடத்தில் ஒளியுணரும் செல்கள் இல்லை. ஆனால், அங்கே ஓட்டையோ இருளோ தோன்றுவதில்லை. தாளின் வெண்மையே தோன்றும். இந்நிரப்பும் தொழிலை ஆராய்ந்தவர்களுள், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து, அமெரிக்காவின் சான் டியேகோவில் பேராசிரியராக விளங்கிய தமிழர் வி.எஸ். இராமச்சந்திரன் குறிப்பிடத்தக்கவர்.

காயம் கற்பித்த பாடம்

மூளையின் எப்பகுதி எத்தொழிலைச் செய்கிறது என்பதை உலகம் பெரும்பாலும் காயமுற்றோர் வழியாகவே கற்றது. 1904-05இல் நடந்த ரஷ்ய-ஜப்பானியப் போரில் பின்தலையில் குண்டு துளைத்தும் உயிர் பிழைத்த வீரர்களை, ஜப்பானியக் கண் மருத்துவர் தத்சுஜி இனோயே ஆராய்ந்தார். எந்த இடத்தில் காயமோ, அதற்கேற்பப் பார்வைப் பரப்பில் ஒரு பகுதி இழக்கப்பட்டிருந்தது. விழித்திரையின் வரைபடம் ஒன்று பிடரி மடலில் விரிந்து கிடக்கிறது என்பதை 1909இல் அவர் வெளியிட்டார். முதல் உலகப் போரின்போது மருத்துவர் கார்டன் ஹோம்ஸ் இதனை மேலும் உறுதிப்படுத்தினார்.

பிடரி மடலில் ஒரு பக்கத்துக்குக் குருதி செல்லும் நாளம் அடைபட்டால், எதிர்ப்பக்கத்துப் பாதிக்காட்சி இரு கண்களிலும் மறைகிறது. வலமூளை பழுதுற்றவருக்கு இடப்பாதி இல்லை. அவர் தமிழ் நூலைப் படிக்கும்போது ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடி இடர்ப்படுவார். அவரே வலமிருந்து இடமாகச் செல்லும் அரபு எழுத்தை ஓத அமர்ந்தால், அடுத்து வரும் சொல்லே அவர் கண்ணுக்குப் புலப்படாது. இடமூளை பழுதுற்றவருக்கு இத்துன்பம் தலைகீழாகும். திருமறையைத் தடையின்றி ஓதிவந்த பெரியவர் ஒருவர் திடீரெனத் தடுமாறினால், அதனை முதுமையின் மறதி என்று தள்ளிவிடலாகாது என்பதை இதனால் உணரலாம்.

இனி, காட்சி முழுதும் இருந்தும் கவனம் ஒருபுறம் அற்றுப்போவதும் உண்டு. வலமூளையின் பக்க மடல் பழுதுற்றோர் சிலர் இடப்புறத்தையே மறந்துவிடுகின்றனர். இலையின் இடப்பாதிச் சோறு எஞ்சுவது இதனாலும் நிகழும். மிலான் நகர ஆய்வாளர்கள் 1978இல் இத்தகையோரிடம், தம் நகரின் பெரிய சதுக்கத்தை மனத்தால் நினைந்து கூறச் சொன்னார்கள். ஒரு முனையில் நிற்பதாக எண்ணியபோது இடப்புறக் கட்டடங்களை விட்டுவிட்டனர். எதிர்முனையில் நிற்பதாக எண்ணியபோது, முன்பு விட்டவற்றைக் கூறி, முன்பு கூறியவற்றை விட்டனர். நினைவில் கூட ஒருபுறம் அழிந்திருந்தது.

பிற பகுதிகள் பழுதுறும்போது விளைவுகளும் வேறுபடுகின்றன. ஜெர்மானிய மருத்துவர் போடமர் 1947இல் விவரித்தவர்கள், முகங்களை மட்டும் அறிய இயலாதவர்கள். குரலைக் கேட்டால் ஆளைச் சொல்லிவிடுவார்கள். 1983இல் ஜெர்மனியில் ஆராயப்பெற்ற ஒரு பெண்மணிக்கு அசைவு மட்டும் தெரியவில்லை. கோப்பையில் ஊற்றும் தேநீர் பனிக்கட்டி போல் உறைந்து நின்றது. தொலைவில் கண்ட வண்டி மறுகணம் அருகில் நின்றது. நச்சுப்புகையால் மூளை பழுதுற்ற மற்றொரு பெண்மணி, ஒரு துளை நெடுக்காக உள்ளதா, கிடையாக உள்ளதா என்று கேட்டால் சொல்ல அறியார். ஆனால் அஞ்சல் பெட்டியில் கடிதம் இடுவதுபோல் அதனுள் அட்டையைச் சரியாகச் செலுத்திவிடுவார். கீழ்வழி அழிந்தும் மேல்வழி பிழைத்திருந்தமையே காரணம் என்று குடேல், மில்னர் என்னும் அறிஞர்கள் விளக்கினர். பிடரி மடலை இழந்து ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பவர்களிலும் சிலர், ஒளிப்புள்ளி இருக்குமிடத்தைச் சரியாகச் சுட்டுவதை 1974இல் வைஸ்கிராண்ட்ஸ் குழுவினர் வெளியிட்டனர். ‘குருட்டுப் பார்வை’ என்பது அதன் பெயர்.

இராமச்சந்திரன் ஆராய்ந்த இளைஞர் ஒருவர் விபத்தில் தலையில் அடிபட்டுத் தேறியவர். பெற்றோரைக் கண்டு, ‘உருவம் அவர்களுடையதே, ஆனால் இவர்கள் போலிகள்’ என்றார். தொலைபேசியில் அவர்கள் குரலைக் கேட்டபோதோ ஐயம் கொள்ளவில்லை. முகத்தை அறியும் பகுதிக்கும் அன்பை எழுப்பும் பகுதிக்கும் இடையே இருந்த பிணைப்பு அறுந்தது என்பது அவர் தந்த விளக்கம். அந்த இளைஞரின் சொல்லில் வெறுப்பில்லை. காயம் மட்டுமே இருந்தது.

குழந்தைப் பருவமும் காலக்கெடுவும்

மூளைக்குக் காணும் திறன் பிறப்பிலேயே முழுமையாக அமைந்துவிடுவதில்லை. பழகிப் பெறுவது அது. ஹியூபெல், வீசெல் என்னும் அறிஞர்கள், பூனைக்குட்டியின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் மூடி வைத்துப் பின் திறந்தனர். கண் நலமாக இருந்தும் அக்கண்ணால் அது காணவில்லை. வளர்ந்த பூனையிடம் அவ்வாறு நேரவில்லை. 1981இல் இவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

பிறவிக் குருடர் ஒருவர் பார்வை பெற்றால், தொட்டறிந்த உருண்டையையும் கனசதுரத்தையும் கண்டவுடன் பிரித்தறிவாரா என்று 1688இல் மாலினோ என்பவர், தத்துவ அறிஞர் ஜான் லாக்கிடம் வினவினார். அதற்குரிய விடை இந்திய மண்ணில் கிடைத்தது. அமெரிக்காவில் பணிபுரியும் பேராசிரியர் பவன் சின்ஹா, பார்வையற்ற குழந்தைகளுக்குச் சிகிச்சையளிக்கவும் ஆராயவும் ‘பிரகாஷ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அதில் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயது வரையிலான ஐவரைப் பற்றிய ஆய்வு 2011இல் வெளிவந்தது. கண்டதைக் கண்டதோடு ஒப்பிட்டபோது 100க்கு 92 சரி. தொட்டதைக் கண்டதோடு ஒப்பிட்டபோது 58 மட்டுமே சரி. அது குருட்டாம்போக்கில் சொல்வதைச் சற்றே விஞ்சியது. ஆனால், சில நாட்களிலேயே அத்திறன் வளர்ந்தது. நிலைத்த படங்களைத் துண்டு துண்டாகக் கண்டவர்கள், உருவம் அசைந்தபோது முழுமையாகக் கண்டனர். காலம் தாழ்ந்தாலும் மூளை கற்கிறது என்பது ஆறுதல். கூர்மை முழுதும் திரும்புவதில்லை என்பது எச்சரிக்கை.

நம் பள்ளத்தாக்குக்கு ஒரு வேண்டுகோள்

தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம் எனப் பரந்த இப்பகுதி, கண் மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற மதுரையின் அண்மையில் உள்ளது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் கிளை உண்டு. க. விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. வசதி உண்டு, விழிப்பே தேவை.

குழந்தையின் கருவிழி நடுவே வெண்மை தோன்றினால் ஒரு வாரமும் தாழ்த்தலாகாது. மாறுகண்ணை யோகம் என்று மகிழும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். விலகிய கண்ணின் செய்தியை மூளை ஒதுக்கப் பழகிவிடின், அக்கண் நிரந்தரமாக மங்கும். உரிய காலத்தில் நல்ல கண்ணை மறைத்துப் பயிற்சி தந்தால் பெரும்பாலும் மீட்கலாம்.

பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தைகள், குறைமாதக் குழந்தைகள், மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தைகள் ஆகியோருள் சிலருக்குக் கண் நலமாயினும் மூளை சார்ந்த பார்வைக் குறை ஏற்படும். அசையும் பொருளைக் காண்பர். நெருக்கமாக அச்சிட்ட பக்கத்தில் திகைப்பர். காலையில் படித்ததை மாலையில் படிக்க இயலாது தவிப்பர். ஆசிரியப் பெருமக்கள் இவர்களை மந்தம் என்று ஒதுக்காமல், எழுத்தைப் பெரிதாக்கி, ஏனைய வரிகளை மறைத்து, ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் காட்டிக் கற்பிக்க வேண்டுகிறோம்.

பெரியவர் ஒருவருக்குத் திடீரெனப் பாதிக்காட்சி மறைந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம். குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்து, உரியவர்களுக்கு நான்கரை மணி நேரத்துக்குள் தரப்படுதல் வேண்டும். நாளை பார்க்கலாம் என்பது இங்கே பொருந்தாது. மலைச்சாலையில் இருசக்கர வண்டி ஓட்டும் இளைஞர்க்கோ ஒரு சொல்: தலைக்கவசம் காப்பது மண்டையோட்டை மட்டுமன்று, கண்ணின் காட்சியையும் காக்கிறது.

இழந்த பார்வை முழுதும் திரும்பாதவர்க்கும் வழி உண்டு. இழந்த பக்கம் நோக்கித் தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தைப் பயிற்சியால் பெறலாம். இடப்பாதி இழந்தவர்க்குத் தமிழ்ப் பக்கத்தின் இடவோரத்தில் ஒரு சிவப்புக் கோடு வரைந்து கொடுத்தால் வரித்தொடக்கம் எளிதில் அகப்படும். முகமறியாதவர் முன் செல்வோர் முதலில் பெயரைச் சொல்லி அழைத்துப் பேசினால் அவர் நாணவேண்டியிராது.

முடிவுரை

காட்சி என்பது கண்ணும் மூளையும் கூடி நிகழ்த்தும் தொழில். அதன் ஓர் இழை அறுந்தாலும் நாம் காணும் உலகில் ஒரு பகுதி இல்லாமற் போகிறது. அப்பகுதி இல்லை என்பதே அவருக்குத் தெரியாமலும் போகலாம். ஆகவே, அவருக்காக அறிய வேண்டியவர்கள் உடனிருப்பவர்களே. தட்டில் பாதிச் சோற்றை விட்டு எழும் தந்தையைக் கடியாமல், தட்டை மெல்லத் திருப்பி வைப்போம்; பின்பு, காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். இவ்விரண்டையும் இக்கட்டுரை வழியே சில இல்லங்கள் கற்குமாயின், அதுவே இதன் பயனாகும்.