மூளையைத் தொடும் மெல்லிய மின்னோட்டம்

மாறுதிசை மின்னோட்டத்தை இயற்பியலில் நடத்துகிறோம். நரம்பு மண்டலத்தை உயிரியலில் நடத்துகிறோம். இரண்டும் சந்திக்கும் ஆய்வுத்துறை ஒன்று உண்டு. அறுவை சிகிச்சை எதுவுமின்றி, தலையின் மேல் மின்முனைகளை வைத்து, மிக மெல்லிய மாறுதிசை மின்னோட்டத்தால் மூளையின் செயல்பாட்டை மாற்ற முடியுமா என்று அத்துறையினர் ஆராய்கின்றனர். இதை மேல்நிலை வகுப்பில் ஒரு பாடவேளையில் நடத்தி வருகிறேன். நடத்த வேண்டிய தேவையும் இருக்கிறது. மூளையைத் தூண்டும் தலைப்பட்டைகள் இணையத்தில் விற்பனைக்கு வந்துவிட்டன. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் கண்ணில் அந்த விளம்பரங்கள் படாமல் இருக்காது.

பாடத்தைத் தொடங்கும் முன் கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிடுகிறேன்: 'வீட்டு மின்சாரத்திலோ பேட்டரியிலோ இதை யாரும் செய்து பார்க்கக் கூடாது.' பாடவேளை முடியும்வரை அதை அழிப்பதில்லை.

மூளைக்கும் தாளம் உண்டு

ஜெர்மனியின் யேனா நகர மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனித மூளையின் மின்னலைகளைத் தலையின் மேலிருந்தே பதிவு செய்தார். அதை 1929-ல் வெளியிட்டார். கண்களை மூடி ஓய்வாக இருக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 10 முறை எழுந்து விழும் அலையை அவர் கண்டார். அதுவே ஆல்ஃபா அலை. பல்லாயிரம் நியூரான்கள் ஒரே தாளத்தில் இயங்குவதால்தான் அது வெளியே தெரிகிறது.

அந்தத் தாளத்தை வெளியிலிருந்து மாற்ற முடியுமா? 2008-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா ஆண்டல் குழுவினர் இதைச் சோதித்தனர். ஒப்பீட்டளவில் பலவீனமான விளைவுகளே கிடைத்தன என்று தங்கள் கட்டுரைத் தலைப்பிலேயே குறிப்பிட்டனர். அறிவியலின் இந்த நேர்மையை மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டத் தவறுவதில்லை.

எவ்வளவு மின்னோட்டம்?

இங்கே ஒரு கணக்குத் தருகிறேன். 60 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் எவ்வளவு மின்னோட்டம் எடுக்கும்? திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் ஏறத்தாழ 260 மில்லி ஆம்பியர். இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுவது 1 முதல் 2 மில்லி ஆம்பியர் மட்டுமே. அதற்கென வடிவமைத்த கருவி அந்த அளவை மீறாமல் காக்கிறது. வீட்டு மின்சாரத்துக்கு அந்தக் காவல் இல்லை.

அந்த 2 மில்லி ஆம்பியரும் முழுமையாக மூளைக்குப் போவதில்லை. இறந்தோர் உடல்களில் அளந்து 2018-ல் வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழ 75 விழுக்காடு தோல், தசை, மண்டையோடு ஆகியவற்றிலேயே குறைந்துவிடுவது தெரிந்தது. மிஞ்சும் மின்புலம் நியூரானின் சவ்வு மின்னழுத்தத்தை ஒரு மில்லி வோல்ட்டுக்கும் குறைவாகவே அசைக்கும். ஓய்வுநிலை ஏறத்தாழ -70 மில்லி வோல்ட்; நியூரான் துடிக்க அது ஏறத்தாழ -55-ஐ எட்ட வேண்டும். ஆகவே, உறங்கும் நியூரானை இது எழுப்பிவிடாது. ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் விரல் நுனியால் தொடுவதுபோல, துடிக்கும் நேரத்தைச் சற்றே மாற்றலாம். ஒத்ததிர்வை நினைவூட்ட இது நல்ல இடம்.

நடந்ததா, நடந்ததாகத் தோன்றியதா?

2019-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 60 முதல் 76 வயது வரையிலான 42 பேருக்கு 25 நிமிடம் இவ்வாறு மின்னோட்டம் தரப்பட்டது. குறுகிய நேர நினைவுச் சோதனையில் அவர்கள் இருபது வயதினரின் அளவை நெருங்கினர். அதே ஆண்டில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வு வேறொரு கேள்வியை எழுப்பியது. தோலை மரத்துப்போகச் செய்தால் உடலியக்கத்தின் மீதான விளைவு குறைந்தது. அப்படியானால் அந்த விளைவில் பெரும்பங்கு தோல் நரம்புகளின் வழியே வந்திருக்கலாம். இன்னொரு புறம், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தினர் குரங்குகளின் மூளையில் தனித்தனி நியூரான்கள் அந்தத் தாளத்தோடு இணைவதை நேரடியாகப் பதிவு செய்தனர். விவாதம் தொடர்கிறது.

"சார், அதை மாட்டினா மார்க் கூடுமா?" என்று ஒரு மாணவன் கேட்டான். "எதோடு ஒப்பிட்டுக் கூடும் என்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டேன். அதையே செயல்பாடாக மாற்றினோம்.

செயல்பாடு: வகுப்பை நாணயம் சுண்டி இரண்டாகப் பிரிக்கவும். 15 சொற்களை ஒரு நிமிடம் காட்டி, நினைவிலிருந்து எழுதச் சொல்லவும். பிறகு ஒரு குழுவினர் மட்டும் சாதாரணத் துணிப்பட்டையை நெற்றியில் கட்டிக்கொள்ளட்டும். வேறு 15 சொற்களைக் காட்டி அதேபோல் எழுதச் சொல்லவும்.

என் வகுப்பில் பட்டை கட்டியவர்களில் பலர் இரண்டாம் முறை கூடுதலாக எழுதினர். கட்டாதவர்களிலும் அப்படியே. பழகியதால் வந்த முன்னேற்றம் அது. இரண்டாவது குழு இல்லாதிருந்தால் பெருமையெல்லாம் துணிக்குப் போயிருக்கும்! ஆய்வகங்களில் ஒரு பிரிவினருக்கு மின்னோட்டத்தைச் சில நொடிகள் மட்டும் தந்து, அவர்கள் அறியாமல் நிறுத்திவிடுவது இதற்காகத்தான்.

பெற்றோர் கேட்டால்

பாஸ்டன் ஆய்வில் அளந்தது அடுத்தடுத்த இரண்டு படங்கள் ஒன்றா, வேறா என்று சொல்லும் திறனை. தேர்வு மதிப்பெண்ணை அல்ல. பங்கேற்றவர்களும் பள்ளிப் பிள்ளைகள் அல்லர். நேர்திசை மின்னோட்டத்தைக் கொண்டு ஆக்ஸ்ஃபோர்டில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், ஓரிடத்தைத் தூண்டியபோது புதிய எண் குறியீடுகளைக் கற்கும் வேகம் கூடியது. கற்றதைத் தன்னியல்பாகப் பயன்படுத்தும் திறன் குறைந்தது. வளரும் மூளையில் இப்படி ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுக்கும் கருவியை, மருத்துவர் துணையின்றி வாங்கி மாட்டுவது கூடாது என்று பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லலாம். வலிப்பு நோய் உள்ளவர்களையும், உடலில் இதயமுடுக்கி போன்ற கருவி பொருத்தியவர்களையும் இத்தகைய ஆய்வுகளில் பொதுவாகச் சேர்ப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

வீட்டுப்பாடமாக, நினைவாற்றலைப் பெருக்குவதாகச் சொல்லும் விளம்பரம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். யாரிடம் சோதித்தார்கள், எதை அளந்தார்கள், எதனோடு ஒப்பிட்டார்கள் என்று அதன் கீழே எழுதட்டும். பெரும்பாலான தாள்களில் மூன்றாவது வரி வெறுமையாகவே இருக்கும். அந்த வெற்றிடத்தைக் காணத் தெரிந்த பிள்ளை எளிதில் ஏமாறாது.