அழியாத பேரேடும் அழிந்துபோகும் கைம்முதலும்



சென்ற ஆண்டு எமக்கு அடுத்த தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் என் கடைக்கு வந்தார். "காக்கா, பிளாக்செயின் என்று ஒன்று வந்திருக்கிறதாம். அதில் எழுதிய கணக்கை யாராலும் திருத்த முடியாதாம். பணம் போடச் சொல்கிறார்கள், போடலாமா?" என்று கேட்டார். எனக்கோ அந்தச் சொல்லே புதிது. தெரியாது என்று சொல்ல நாணி, "படித்த பிள்ளைகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பார்த்துச் செய்யுங்கள் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மகளின் கல்யாணத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த 30,000 வெள்ளியை அவர் போட்டார். ஆறு மாதத்தில் கைத்தொலைபேசியின் திரையில் 92,000 வெள்ளி என்று காட்டிற்று. எடுக்கப் போனபோது, "முதலில் வரி 9,000 வெள்ளி கட்டுங்கள்" என்றார்கள். கடன் வாங்கிக் கட்டினார். பிறகு இன்னொரு கட்டணம் கேட்டார்கள். அதன்பின் அந்தத் தொலைபேசி எண்ணும் இல்லை, ஆளும் இல்லை. "காக்கா, கணக்கில் இருக்கிறது, கையில் இல்லையே" என்று அவர் என் கடை வாசலில் நின்று சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லாத குற்றம் என்னுடையது. நான் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் மட்டுமே படித்தவன். ஆயினும் என் மகனை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, இஃது என்ன என்பதைச் சில மாதங்கள் பொறுமையாகக் கற்றேன். கற்றதை நம் கடைக் கணக்கின் பாஷையிலேயே கீழே எழுதுகிறேன்.

பேரேடு என்பது யாது?

பிளாக்செயின் என்பது ஒரு பேரேடு. நம் பேரேடு பெட்டியடியில் ஒன்றுதான் இருக்கும். இந்தப் பேரேட்டின் நகலோ பல நாடுகளில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு முத்திரை எண் உண்டு. அந்த எண், அப்பக்கத்தில் எழுதிய யாவற்றையும் முந்திய பக்கத்தின் முத்திரை எண்ணையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. ஆகவே பழைய பக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் எண் மாறும். அது மாறினால் அடுத்த பக்கத்தின் எண்ணும், அதற்கடுத்ததும் பொருந்தாமற் போகும். மற்றவர்களின் நகல்களோடு ஒத்துப் பார்த்தால் திருட்டு உடனே வெளியாகும். பக்கங்கள் இப்படிச் சங்கிலிபோல் கோக்கப்பட்டிருப்பதால்தான் இப்பெயர் வந்தது.

இதைப் பணத்துக்குப் பயன்படுத்திப் பரவச் செய்தது பிட்காயின். சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபரில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. 2009 ஜனவரியில் பேரேடு தொடங்கிற்று. ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம் எழுதப்படுகிறது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் நாணயங்களுக்கு மேல் வராது என்பது அதன் விதி.

நிற்க. இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் கடைச் சிப்பந்தி, வராத சரக்கை வந்ததாக அழியாத மையால் எழுதிவிட்டான். மை அழியாது என்பதால் சரக்கு வந்துவிடுமா? எழுதியது மாறாது என்பதற்குத்தான் இந்தப் பேரேடு ஜவாப்தாரி. எழுதியவன் நாணயஸ்தனா என்பதற்கு அது ஜவாப்தாரி அல்ல. நம்மை ஏமாற்றுவோர் முதலாவதைக் காட்டி இரண்டாவதையும் நம்ப வைக்கிறார்கள். இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்.

பேரேடே இல்லாத நாணயம்

2014ஆம் ஆண்டில் பல்கேரியாவிலிருந்து ஒன்காயின் என்று ஒரு நாணயம் விற்கப்பட்டது. ஆள் ஆளைச் சேர்த்தால் கமிஷன் என்ற முறையில் பல நாடுகளில் பரவிற்று. திரையில் விலை ஏறிக்கொண்டே இருந்தது. பின்னர் அமெரிக்க வழக்கில் தெரிய வந்தது யாதெனில், அந்த நாணயத்துக்கு உண்மையான பிளாக்செயினே கிடையாது, விலையும் நடத்தியவர்கள் தாமாக வைத்த எண் என்பதே. ஜனங்கள் இழந்தது ஏறத்தாழ 400 கோடி அமெரிக்க டாலர். தலைவி ருஜா இக்னாடோவா 2017 அக்டோபரில் தலைமறைவானார். 2022இல் அமெரிக்க எஃப்.பி.ஐ. தேடும் முதல் பத்துப் பேர் பட்டியலில் அவர் பெயர் ஏறிற்று. கூட்டாளி ஒருவருக்கு 2023இல் 20 ஆண்டுச் சிறை கிடைத்தது. நம் மளிகைக் கடைச் சகோதரர் பார்த்த 92,000 வெள்ளியும் இந்த ஜாதி எண்தான்.

பேரேடு மெய், வாக்குறுதி பொய்

பேரேடு உண்மையாக இருந்தும் கைம்முதல் போன கதையும் உண்டு. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட டெராஃபார்ம் லாப்ஸ் என்ற கம்பெனி, எப்போதும் ஒரு டாலருக்குச் சமம் என்று சொல்லி ஒரு நாணயத்தை வெளியிட்டது. அதை வைப்பாக வைத்தால் ஆண்டுக்கு 100க்கு ஏறக்குறைய 20 கிடைக்கும் என்றும் சொல்லப்பட்டது. நம்மவர்க்கு அது வட்டி என்பது ஒருபுறமிருக்க, எந்த வியாபாரத்தில் ஆண்டு தவறாமல் நூற்றுக்கு இருபது நிற்கிறது? 2022 மே மாதத்தில் சில நாட்களுக்குள் அந்த நாணயமும் அதைத் தாங்கி நின்ற லூனா நாணயமும் சரிந்தன. சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு கரைந்து போயிற்று. கம்பெனியை நிறுவிய டோ குவோன் 2025 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

சாவி யார் கையிலோ, சொத்து அவருடையது

வங்கிப் புத்தகம் தொலைந்தால் அடையாள அட்டையைக் காட்டி வேறு வாங்கலாம். இங்கே ஓர் இரகசியச் சாவி எண் உண்டு. அது தொலைந்தால் பணம் போயிற்று. பிறர் அறிந்தாலும் போயிற்று. தவறான முகவரிக்கு அனுப்பினால் திருப்பித் தரச் சொல்ல மானேஜர் இல்லை. சாவியை நாமே வைத்திராமல் மாற்று நிலையங்களிடம் விட்டாலும் ஆபத்து உண்டு. டோக்கியோவில் இருந்த மவுண்ட் காக்ஸ் நிலையம் 2014இல் சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணோம் என்று சொல்லித் திவாலாயிற்று. அதில் 2,00,000 பின்னர் கிடைத்தது. 2025 பிப்ரவரியில் பைபிட் நிலையத்திலிருந்து ஏறக்குறைய 150 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. களவாடியது வட கொரியா என்று எஃப்.பி.ஐ. அறிவித்தது.

கணிப்பொறியைப் பூட்டிப் பணம் பறித்தல்

2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீய நிரல் சுமார் 150 நாடுகளில் கணிப்பொறிகளைப் பூட்டிற்று. திறக்க 300 டாலருக்குச் சமமான பிட்காயின் கேட்டது. ஆள் பிடிப்பவன் நேரில் வந்து பணம் வாங்கினால் அகப்படுவான். இந்த நாணயத்தில் வாங்கினால் தூரத்தில் இருந்தே வாங்கலாம் என்பதே அவர்களுக்கு வசதி. கடைக் கணக்கையும் கடன்காரர் பட்டியலையும் கணிப்பொறியில் வைத்திருப்போர், வாரந்தோறும் ஒரு நகலெடுத்து, கணிப்பொறியிலிருந்து கழற்றித் தனியே வைப்பது அவசியம்.

நம் வாசலுக்கே வரும் ஆபத்து

இது யாவற்றிலும் நம் போன்ற வியாபாரிகளுக்கு நெருங்கிய ஆபத்து இரண்டு.

ஒன்று, வாடகைக் கணக்கு. "உங்கள் கடை வங்கிக் கணக்குக்கு 20,000 வெள்ளி வரும். அதைக் கொண்டு டிஜிட்டல் நாணயம் வாங்கி இந்த முகவரிக்கு அனுப்புங்கள். நூற்றுக்கு மூன்று உங்களுக்கு" என்று ஒருவர் வருவார். பணம் மாற்றும் கடைக்காரருக்கு இது வழக்கமான கமிஷன்போல் தோன்றும். அந்த 20,000 வெள்ளி எங்கோ ஏமாற்றப்பட்ட ஒரு மூதாட்டியின் சேமிப்பாக இருக்கும். நாணயமோ கடல் கடந்து போய்விடும். போலீசார் வந்து பார்க்கும்போது பணம் வந்த கணக்கில் இருப்பது நம் பெயர். "எனக்குத் தெரியாது" என்பது போதிய ஜவாபு அல்ல என்று மலேசியாவும் சிங்கப்பூரும் தம் சட்டங்களை இப்போது இறுக்கியிருக்கின்றன. 2023 ஆகஸ்டில் சிங்கப்பூரில் பிடிபட்ட, 300 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட சொத்துகள் சம்பந்தப்பட்ட கள்ளப்பண வழக்கிலும் வீடு, கார், தங்கத்தோடு இந்த நாணயங்களும் கைப்பற்றப்பட்டன.

மற்றொன்று, கடையின் மேல்மாடி. பிட்காயின் பேரேட்டில் புதிய பக்கம் எழுதும் போட்டிக்கு மின்சாரம் மிகுதியாகச் செலவாகும். அதைத் திருட, கடைவீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து மீட்டருக்கு வெளியே கம்பி இழுப்பவர்கள் உண்டு. 2021 ஜூலையில் சரவாக்கின் மிரி நகரில், இப்படிக் கைப்பற்றிய 1,069 இயந்திரங்களைப் போலீசார் சாலை உருளையால் நசுக்கினார்கள். மீட்டர் கட்டட உரிமையாளரின் பெயரில் இருந்தால் விசாரணையும் அவரிடம்தான் தொடங்கும். தீப்பிடித்தால் கீழே உள்ள கடையும் போகும்.

குற்றவாளிக்கும் அதே பேரேடு

இதனால் குற்றவாளிகள் எல்லாம் தப்பிவிடுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். 2011இல் தொடங்கிய சில்க் ரோடு என்ற இரகசியச் சந்தையில் போதைப் பொருளைப் பிட்காயினுக்கு விற்றார்கள். 2013 அக்டோபரில் அது மூடப்பட்டது. நடத்தியவருக்கு 2015இல் ஆயுள் சிறை விதிக்கப்பட்டது. (2025 ஜனவரியில் அமெரிக்க அதிபர் அவருக்கு மன்னிப்பு அளித்தார்.) அந்த வழக்கை விசாரித்த அதிகாரிகளில் இருவரே நாணயத்தைத் திருடினார்கள். அழியாத பேரேடு அவர்களையும் காட்டிக் கொடுத்தது. 2021இல் அமெரிக்காவின் கொலோனியல் எண்ணெய்க் குழாய்க் கம்பெனி 75 பிட்காயின் பணயம் கொடுத்தது. அடுத்த மாதமே அதில் 63.7 மீட்கப்பட்டது. ஆயினும் பெரிய கம்பெனிக்காக நடந்த இந்த மீட்பு, சிறு கடைக்காரருக்கும் நடக்கும் என்று எதிர்பார்ப்பது அரிது.

இந்தக் கருவியே கெட்டது என்று சொல்வதும் என் நோக்கமன்று. மலேசியாவில் 2019 முதல் பத்திர ஆணையம் டிஜிட்டல் நாணய நிலையங்களைப் பதிவு செய்து கண்காணிக்கிறது. அதன் ஷரீஅத் ஆலோசனைக் குழு, பதிவு பெற்ற நிலையங்களில் இவற்றை வாங்கி விற்பது கொள்கையளவில் ஆகும் என்று 2020இல் முடிவு சொன்னது. சிங்கப்பூரில் நாணய ஆணையம் உரிமம் வழங்குகிறது. ஆனால் ஆகுமான பொருளையும் அளவு குறைத்து விற்பவன் உண்டு அல்லவா? பொருள் ஆகும் என்பதால் விற்பவன் யோக்கியன் ஆகிவிட மாட்டான். இரு நாடுகளிலும் இது சட்டப்படியான நாணயமும் அல்ல.

மனத்தில் வைக்க வேண்டியவை

1. பணம் போடுமுன், அந்த நிலையத்தின் பெயர் பத்திர ஆணையத்தின் அல்லது நாணய ஆணையத்தின் பட்டியலில் உண்டா என்று நீங்களே பாருங்கள். அவர்கள் அனுப்பும் சான்றிதழ் படத்தை நம்பாதீர்கள்.

2. நிச்சய லாபம் என்று எவர் சொன்னாலும், சொந்தக்காரரே ஆனாலும், விலகுங்கள்.

3. உங்கள் பணத்தை எடுக்க முதலில் பணம் கட்டச் சொன்னால், அது மோசடி.

4. சாவி எண்ணையும் வங்கிக் கணக்கையும் யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.

5. மாடியை வாடகைக்கு விட்டால் மாதம் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

6. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மலேசியாவில் 997, சிங்கப்பூரில் 1799 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில்தான் வங்கியில் பணத்தை நிறுத்தி வைக்க வழி இருக்கும்.

அந்தச் சகோதரர் வெட்கத்தால் மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். பிறகு போலீசில் எழுதி வைத்தும் பணம் திரும்பவில்லை. கல்யாணம் எளிமையாக நடந்தது. நானும் பந்தலில் நின்றேன். அவர் என்னை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அதுவே எனக்குப் பாரமாக இருக்கிறது.

ஆகவே சகோதரர்களே, நாளை ஒருவர் உங்களிடம் வந்து இதைப் பற்றிக் கேட்டால், தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். அந்த ஒரு சொல் ஒரு குடும்பத்தின் கைம்முதலைக் காக்கக்கூடும்.

வஸ்ஸலாம்.